இரண்டாவது கருவி

சென்ற ஐப்பசியில், தோட்டத்துக் கம்பத்திலிருந்த வானிலைக் கருவியைக் கழற்றப் போன ஜெயபாலை அயனம்பாக்கம் ஏரி வெள்ளம் கருவியோடு இழுத்துச் சென்றது. உடல் கிடைக்கவில்லை. அவர் தினமும் மழையளவு பார்ப்பவர். அதை நிறுத்த மனமில்லாமல் அவர் மனைவி ஞானகுமாரி, வெயிலும் மழையும் தாங்கும் நல்ல கருவியாகப் பார்த்து வாங்கினாள். கடைக்கார ஜெகதீஷ் அதை மாடியில் பொருத்திவிட்டு, அது கம்பியில்லாமல் அனுப்பும் அளவுகளைக் காட்டும் திரையைக் கூடத்தில் மாட்டினான். திரையில் இரண்டு கருவிகளின் அளவுகள் வந்தன.

“பழசு இன்னும் உயிரோட கீதுக்கா. காத்தே இல்ல, முழுக்க ஈரம், இருபத்திமூணு டிகிரி. திரையிலேர்ந்து எடுத்துடவா?”

“இருக்கட்டும்ப்பா.”

அவன் போனபின் திரையருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க” என்று மெல்லக் கூப்பிட்டாள்.

இருபத்துமூன்று மெதுவாக ஏறத் தொடங்கியது. முப்பத்தாறில் வந்து நின்றது, யாரோ அந்தப் பழைய கருவியைக் கைக்குள் பொத்திக்கொண்டதைப் போல.