அந்தோனியார் தூண்

"அதிலை மட்டும் கை வையாதேங்கோ, மிஸ்."

ஜெறோம் குரலை உயர்த்தவில்லை. ஆனால் தூணுக்கும் தனுஷாவுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரே நின்றால், கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் எழும்பி வந்துவிட்டார்கள்.

தனுஷா பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். உப்புக் காற்றில் வெடித்துப்போன இந்தப் பாலத்தின் தூண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு முன் கறுப்பு நார்த்துணி சுற்றிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். துணி இன்னும் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து ரூபாய் நாணயக் குற்றியால் தட்டினால் தெரிந்துவிடும். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே காற்று. பெரிய கருவிகளெல்லாம் அலுவலக அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தன.

ஐந்து தூண் கணீரென்றது. ஆறாவது தூண் கரையோரம். அதில்தான் அந்தோனியார் சுருவம், தூணோடு பூட்டிய, பின்பலகை வைத்த ஆள் உயரக் கண்ணாடிக் கூட்டுக்குள் முழ உயரச் சிலையாக.

"கூட்டைக் கழட்டாமல் தட்டிப் பாக்க ஏலாது, அண்ணை."

"அஞ்சு நல்லாயிருந்தால் ஆறும் நல்லாத்தான் இருக்கும். எழுதித் தாங்கோ, திங்கக்கிழமை பஸ் வரட்டும். பாலத்தாலை பஸ் விடாததாலை எங்கடை பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்கு நாலு கட்டை தூரம் சுத்திப் போகுதுகள்."

"சைவப் பிள்ளைக்குச் சுருவத்தின்ரை அருமை எப்பிடித் தெரியும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தனுஷாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் ஜெறோம் போனை எடுத்து, பாலத்தைத் திருத்திய கொந்தராத்துக்காரர் றஞ்சித்தைப் பிடித்து, அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, அது நான் சொந்தச் செலவிலை வைச்சுக் குடுத்த சுருவம். கடலுக்குப் போறதுகள் கும்பிட்டுப் போகட்டும் எண்டு. அதுகளின்ரை மனசை நோகப் பண்ணாதேங்கோ."

நியாயமாகத்தான் பட்டது. சமயப் பிரச்சினை எதையும் கிளப்பாதே என்று மேலதிகாரியும் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு கையெழுத்துப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனையையும் எடுத்தாள். ஆனால் கை ஓடவில்லை.

"அம்பது பிள்ளையள் ஏறின பஸ் என்ரை கையெழுத்தை நம்பிப் போகப்போகுது, அண்ணை. எனக்குப் பயமாக் கிடக்கு."

ஒருநாளும் தவறாமல் அந்தக் கூட்டில் மெழுகுதிரி கொளுத்தும் றெஜினா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்.

"கழட்டு, ஜெறோம். தட்டி முடியுமட்டும் அந்தோனியார் என்ரை மடியிலை இருக்கட்டும்."

ஜெறோம் தயங்கித் தயங்கிச் சிலுவை அடையாளம் போட்டார். வள்ளத்து எஞ்சினுக்கு வைத்திருந்த திருகுசாவியாலேயே கூட்டைக் கழற்றினார். றெஜினா மணலில் அமர்ந்து சுருவத்தைக் குழந்தையைப் போல மடியில் வாங்கிக்கொண்டார்.

தனுஷா குற்றியோடு குனிந்தாள். தட்டத் தேவையிருக்கவில்லை.

கூட்டின் விளிம்பு வரைக்கும்தான் துணி. கூடு மறைத்திருந்த இடத்தில் துணியே இல்லை. பழைய வெடிப்பின் மேல் வெறும் கறுப்புப் பெயின்ற். வெடிப்புக்குள் அவளுடைய விரல் முழுதாகப் போனது. வெளியே எடுத்தபோது துருக்கம்பி தூளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

ஜெறோமின் சட்டைப்பைக்குள் நிறுத்தாமல் கிடந்த போன் இன்னும் "ஹலோ, தங்கச்சி, ஹலோ" என்றுகொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

றெஜினா மடியிலிருந்த சுருவத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"எங்களுக்குக் காவல் எண்டு நம்பி அஞ்சு வருஷமாக் கும்பிட்டம். அந்தக் கொந்தராத்துக்காரப் பாவி, அந்தோனியாரைத் தன்ரை களவுக்கெல்லே காவல் வைச்சிருக்கிறான்."