யாரும் போகாத வழி

தெரு முட்டி நிற்கும் சுவரில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் உடைப்பு. அதன் வழியே சாய்ந்து வரும் மாலை வெயில் தையல்காரியின் மிஷின் மேல் விழுகிறது. அப்பால் புதிதாக முளைத்த அடுக்குமாடி வீடுகள். அவளுக்குத் துணி கொடுப்பவர்கள் எல்லாரும் அங்கேதான். சாலை வழியே சுற்றி வந்தால் பஸ் மாற வேண்டும். இப்போது நகராட்சிக்காரர் ஒருவர் அந்த உடைப்பை டேப் பிடித்து அளக்கிறார். பல கைகள் பட்டு வழவழத்த செங்கல்லைத் தடவிப் பார்க்கிறார். மிஷின் சத்தம் நிற்கிறது. “வாயத் தொறக்காத, அண்ணி,” என்று நாத்தனார் காதைக் கடிக்கிறாள். “உடைச்சது நாமதான்னு மோப்பம் பிடிக்க வந்திருக்கான்.” அவர் திரும்புகிறார். “ஏம்மா, இந்த வழியா ஜனங்க போய் வர்றாங்களா?” தைத்து முடித்த துணிமூட்டையைத் தையல்காரி காலால் மேசைக்கு அடியில் தள்ளுகிறாள். “ஒரு ஈ காக்கா கூடப் போகாதுங்க.” அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு போனை எடுக்கிறார். “சார், இங்க பாதை திறந்துவிடலாமான்னு பார்க்கச் சொன்னீங்களே, அவசியமே இல்ல. யாரும் போறதில்லையாம். அடைச்சிடலாம்.” தையல்காரி இருக்கையிலிருந்து பாதி எழுகிறாள். “நம்பாத,” என்கிறாள் நாத்தனார். “நம்ம வாயக் கிளறத்தான் அப்படிப் பேசுறான்.” தையல்காரி மூட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறாள்.