மாமாவுக்கு மாநிறம்

"நல்லா என் நிறத்துக்குப் பாத்துக் கலக்கும்மா," என்றார் வந்தவர். அவர் மடியில் பொம்மைக்காரியின் மூன்று வயது மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்த்தால் தாய்மாமன் வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இருந்த கத்தி பொம்மைக்காரிக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆகவே மரியாதை இத்துடன் போதும்.

காலையிலிருந்து டிவியில் காட்டிய முகம் அது. நகைக்கடைக் காவலாளியைக் குத்திவிட்டு ஓடியவன். காதிலிருந்து வாய்வரை ஒரு தழும்பு. தெருமுனையில் போலீஸ் அந்தத் தழும்பைத் தேடித்தான் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தது.

வாசலில் 'பொம்மைகள் செய்து தரப்படும்' பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்திருந்தான். ஜன்னலோரம் வெயிலில் ஊதா நாய்க்குட்டி பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முதல் வேலையாகத் திரையை இழுத்து மூடினான்.

"பொம்மைக்குத் தோல் போடுறவதானே நீ. இது மேலயும் போடு. வெளிய போறப்ப தழும்பு தெரிஞ்சுது..." மீதியைக் கத்தியைத் திருப்பிக் காட்டிச் சொன்னான்.

பொம்மைத் தோலுக்கான இரண்டு பாட்டில் சிலிகோனையும் சமமாக ஊற்றினாள். பழுப்பில் இரண்டு சொட்டு, மஞ்சளில் ஒன்று, சிவப்பு ஊசிமுனையளவு. கிண்ணத்தில் நிறம் கரைந்தது.

கடைசியாக அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வெள்ளைப் பொடியை ஒரு கரண்டி நிறையப் போட்டாள்.

"என்ன அது?"

"தோல் பளபளன்னு தெரியாம இருக்கறதுக்குங்க."

குழந்தை எட்டிப் பார்த்தது. "அம்மா, மாமாவுக்கும் நாய்க்குட்டிப் பொடியா?"

கத்தி லேசாக அசைந்தது.

"என்ன சொல்லுது இது?"

"அவ நாய்க்குட்டிக்கும் இதே தோல்தாங்க."

அவன் குனிந்து பார்த்தான். குழந்தையின் கையில் இருந்த நாய்க்குட்டி நல்ல மாநிறமாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டான்.

தழும்பின்மேல் மெல்லப் பூசினாள். தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டே ஓரத்தை விரலால் இழைத்தாள். கெட்டியானதும் கண்ணாடியைக் காட்டினாள்.

"பரவாயில்லையே. பெத்தவளுக்கே தெரியாது போலிருக்கே."

குழந்தையை இறக்கிவிட்டான். பொம்மைக்காரியின் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "கத்தினா திரும்பி வருவேன். எனக்கு வழி தெரியும்," என்றவன், கதவை வெளிப்பக்கம் தாழிட்டுவிட்டு, நடு மதிய வெயிலில் சாவகாசமாகத் தெருமுனையை நோக்கி நடந்தான்.

பொம்மைக்காரி மகளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். அழக்கூடப் பயமாக இருந்தது. அவன் கை தற்செயலாகக் கன்னத்துக்குப் போகாமல், எதிரே ஒரு கண்ணாடி வராமல், அந்த நூறடி தூரத்தை அவன் கடக்க வேண்டுமே என்றிருந்தது.

குழந்தை அவள் பிடியிலிருந்து நழுவி ஜன்னலுக்கு ஓடியது. திரையை விலக்கி, நாய்க்குட்டியைப் பழைய இடத்தில் வெயிலில் வைத்தது. சற்று நேரம் அதையே பார்த்தது. பிறகு தெருவைப் பார்த்துக் கைதட்டியது.

"அம்மா, மாமாவும் ஊதா ஆயிட்டாரு."