மூடியின் மேல் கை

ஓய்வுபெற்ற தபால்காரர் தன் எலக்ட்ரிக் கிடாருக்காகத் ஒலியை மாற்றித்தரும் பெடல் பெட்டி ஒன்றைத் தானே செய்திருந்தார். ஒலியை முழுதாக ஏற்றினால் அதில் கீச்சொலி எழும். தகர மூடியின் மேல் யாராவது கை வைத்தால் அடங்கிவிடும். அவர் வாசிக்கும்போதெல்லாம் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூடியில் கை வைத்திருப்பாள். அவள் இறந்த பிறகு அவர் கிடாரைத் தொடவில்லை.

இனி தனியாக வாசிக்க வேண்டுமென்றால் பெடலைச் சரிசெய்தாக வேண்டும். ரேடியோ ரிப்பேர் செய்யும் மைத்துனனிடம் போனில் கேட்டார்.

"உள்ளே போற வயரும் வெளியே வர்ற வயரும் ஒட்டிக்கிட்டிருக்கும் மாமா. பிரிச்சு வைங்க. அக்கா கையையே ஒரு பார்ட்ஸா வெச்சு இத்தனை வருஷம் ஓட்டிட்டீங்க."

திறந்து பார்த்தார். வயர்கள் அவன் சொன்னபடியே பின்னிக் கிடந்தன. பிரிப்பதற்கு முன் கோளாறை ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மூடியைப் பொருத்தி, ஒலியை முழுதாக ஏற்றினார். கீச்சொலி வரவில்லை. தான் பக்கத்தில் இருப்பதால்தான் அடங்குகிறதோ என்று எழுந்து அறையின் கோடிக்குப் போய் நின்றார். அப்போதும் வரவில்லை. திரும்பி வந்து ஒரு பாட்டை முழுக்க வாசித்தார்.

மாலையில் மைத்துனன் கூப்பிட்டான். "பிரிச்சீங்களா மாமா?"

"இல்லப்பா. அது அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, பெடலுக்குப் பக்கத்து நாற்காலியில் மாதக்கணக்காகக் குவிந்திருந்த துணிகளை எடுத்து, அதைக் காலி செய்தார்.