கதிரையடி அந்தூரியம்

பங்குனி வெயில் விறாந்தைக்குள் ஏறியிருக்கிறது. கடல் கொண்டுபோன மகனின் படத்துக்குக் கீழே, துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் இருக்கும் கதிரை. அதை ஒட்டி அந்தூரியச் சாடி. இலைகள் காம்போடு தொங்குகின்றன. அன்னப்பூரணி சாடியைச் சாக்கில் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டுகிறாள். மண் கறுத்துப் பிசுபிசுக்கிறது, வேர்கள் நசிந்து வருகின்றன, எறும்புகள் சிதறுகின்றன. விரலில் ஒட்டியதை மோந்து பார்க்கிறாள். தேயிலையும் சீனியும் மணக்கின்றன. “நான் இதுக்கு இடைக்கிடைதானே தண்ணி ஊத்துறன்,” என்கிறாள். கதிரையில் தம்பி மனைவி வதனி இருக்கிறாள். அவள் கையிலுள்ள தேத்தண்ணிக் கோப்பை சாடி இருந்த பக்கமாகச் சரிந்திருக்கிறது. “நீயும் தேத்தண்ணிய இதுக்குள்ளதான் ஊத்துறயா கா?” என்று கேட்கிறாள் அன்னப்பூரணி. “கிணத்துத் தண்ணி இன்னும் கரிக்குது மச்சாள். புள்ளையப் பறிகுடுத்த வீட்டில வந்து தேத்தண்ணி சரியில்லையெண்டு ஆரு சொல்லுற?”

கடல் புகுந்த கிணற்றை இறைத்ததோடு உப்புப் போய்விட்டதென்றே அன்னப்பூரணி நினைத்திருந்தாள். மகன் போனதிலிருந்து அவள் தேத்தண்ணி தொடுவதில்லை; வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதோடு சரி. இப்போது வதனியின் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடிக்கிறாள். முகம் சுளிக்கிறது. கத்தியை எடுத்து அழுகிய வேர்களை நறுக்குகிறாள். பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீர் வாளியைக் கிட்ட இழுத்து, மிஞ்சிய வேரை அலசி, தேங்காய்த் தும்பும் புதுமண்ணும் இட்டு நடுகிறாள். சாடியைக் கதிரைக்கு எட்டாமல் யன்னலடியில் வைக்கிறாள். பிறகு அதே வாளியிலிருந்து தேத்தண்ணிக் கேத்தலுக்குத் தண்ணீர் அள்ளுகிறாள், இரண்டு பேருக்கு அளவாக.