திறப்பு விழா பார்த்த நண்டு

கடற்கரையில் புதிதாகக் கட்டிய நவீன ஓவியக் கூடத்தின் திறப்பு விழாவுக்குள் ஒரு நண்டு வழிதவறி நுழைந்துவிட்டது. உள்ளே மணலைக் கொட்டி, நடுவில் ஒரு குழி தோண்டி, சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து குத்துவிளக்கை ஏற்றினார். அதன் பிறகுதான் எல்லாரும் அந்தக் குழியைப் பார்த்து, "அடடா! என்ன ஆழம்!" என்று கைதட்டினார்கள்.

மறுநாள் காலை பெண்டாட்டி நண்டு பதறியது.

"ஏங்க, தண்ணி ஏறுது. சீக்கிரம் வளை தோண்டுங்க!"

"வளை இல்லடி, அது படைப்பு. சும்மா தோண்டிட முடியுமா? முதல் பிடி மணலை ஒரு பெரிய மனுஷர் அள்ளணும். ஆமையாரைக் கூப்பிட்டிருக்கேன்."

"ஆமையா? அது எப்ப வந்து சேர்றது?"

"சிறப்பு விருந்தினர்னா லேட்டாத்தான் வருவார். உனக்கு விழான்னா என்னன்னே தெரியல."

பெண்டாட்டி நண்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வளைக்குள் புகுந்துகொண்டது. நண்டு மட்டும் கடற்பாசியைக் கயிறாகக் கட்டிவிட்டு, ஆமை வரும் வழியைப் பார்த்தபடி நின்றது.

அலைக்கு யாரும் அழைப்பிதழ் வைக்கவில்லை. ஆனாலும் அது சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.