கண்ணாடியில் சந்தனம்

பில் படிக்கும் இயந்திரத்தின் வேலை எளியதுதான், ஆனால் அழகானது. கண்ணாடிமேல் வைத்த பில்லைப் படிக்கும். கேட்ட சரக்கும் வந்திறங்கிய சரக்கும் அதோடு ஒத்துப்போனால் அன்றே பணத்தை அனுப்பிவிடும். சந்தேகம் வந்தால் தானாக எதையும் ஊகிக்காது. நின்றுவிட்டு ஓர் ஆளைக் கூப்பிடும். பனியன் கம்பெனியில் அது இதுவரை நின்றதே இல்லை. அதனால் கணக்கர் குழந்தைவேலுவைத் தீபாவளியோடு நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார் முதலாளி.

ஆயுதபூசையன்று, அட்டைப்பெட்டி செய்து தரும் துளசிமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். முன்பெல்லாம் பணத்துக்காக வாரம் தவறாமல் வந்து காத்துக் கிடந்தவள்.

“இந்தப் புண்ணியவானுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்ண்ணா?”

குழந்தைவேலு வாய் திறப்பதற்குள் கண்ணாடியின் நடுவில் அப்பிவிட்டாள்.

அதன்பிறகு வைத்த ஒவ்வொரு பில்லிலும் ஒரு மஞ்சள் கறை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் நின்றது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா, நின்னுபோச்சு?”

“அதுக்குத் தெரியலீங்க. ஆளைக் கூப்பிடுது.”

“ஆரை?”

முதலாளியே திரையைப் படித்தார். ‘குழந்தைவேலுவைக் கேட்கவும்.’

“அப்ப தீபாவளி கழிச்சும் இது உன்னையத்தான் கூப்புடுமாக்கும்?” முதலாளி சிரித்துவிட்டார். “செரி, இருந்து தொலை.”

துளசிமணி பதறிப்போய் முந்தானையால் கண்ணாடியைத் துடைக்க வந்தாள்.

“பொறு அம்மணி” என்று அவளைத் தடுத்த குழந்தைவேலு, சந்தனத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.